ரயில் வராத ஸ்டேஷன்

ராமேஸ்வரம் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு தீர்த்தம் ஆடியது, நீளப் பிராகாரத்தில் கால் வலிக்க நடந்தது, சிப்பி மாலைக்குப் பேரம் பேசியது எல்லாவற்றையும் விடாமல் சொல்வார்கள். "தனுஷ்கோடி?" என்று கேட்டால், "ஓ, போனோமே! ரெண்டு கடலும் சேர்ற இடம். பசங்க நல்லா ஆட்டம் போட்டாங்க" என்பதோடு சரி. அங்கே ஒரு பெரிய ரயில்வே ஸ்டேஷன் இருந்தது, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் அங்கே இறங்கி, கப்பல் ஏறி, கொழும்பு வரைக்கும் போனார்கள் என்று சொன்னால், "அப்படியா!" என்று கண்ணை அகல விரிக்கிறார்கள்.

நான் அம்பத்தூர்க்காரி. எங்கள் வீடு தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு வரை போனதே, அது போன பாதை இதுதான். விடியற்காலை லோக்கல் வண்டி போகிற சத்தம்தான் எனக்குக் கடிகாரம். அது போய்விட்டால் பால் காய்ச்ச எழுந்திருக்க வேண்டும். ரயில் சத்தத்தோடேயே வாழ்கிறவளுக்கு, அந்தச் சத்தம் ஒரே ராத்திரியில் நின்று போன ஊரைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

போன வருஷம்தான் அது கூடி வந்தது. வீட்டில் ஆளுக்கொரு காரணம். என் மாமியாருக்குச் சேது ஸ்நானம். என் வீட்டுக்காரருக்குப் புதுப் பாம்பன் பாலம். குழந்தைகளுக்குக் கடல். நான் ஸ்டேஷன் என்று சொன்னதும், "இடிஞ்சு போன செவுத்தைப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று மாமியார் சிரித்தார். எழும்பூரில் ராத்திரி வண்டி ஏறினோம். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ஒரு வண்டிக்கு இன்றைக்கும் 'போட் மெயில்' என்றுதான் பெயர் தெரியுமோ? கப்பல் நின்று எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பெயரை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

மண்டபம் தாண்டியதும் என் வீட்டுக்காரர் எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்துவிட்டார். பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் கப்பல் வந்தால் கதவு மாதிரி இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதன் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதில் நடுத்துண்டு மட்டும் லிஃப்ட் போல நேராக மேலே ஏறுமாம். இதையெல்லாம் அவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வர, மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பேசாம வாயேண்டா, கீழ தண்ணி" என்றார்!

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பஸ், ஆட்டோ, வேன் எல்லாம் போகின்றன. 2017-க்கு முன்னால் இப்படி இல்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அப்புறம் வேன்காரர்கள்தான் மணலிலும் தண்ணீரிலும் குலுக்கிக் குலுக்கிக் கூட்டிப் போவார்கள். இப்போது அரிச்சல்முனை வரை ரோடு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கறுப்பு ரிப்பனைப் போட்ட மாதிரி ரோடு, அதன் மேல் காற்று கொண்டு வந்து கொட்டிய மணல். வழியில் கோதண்டராமர் கோயில் வருகிறது. 1964 புயலுக்குத் தப்பி நின்ற கோயில். இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனோம்.

இடது பக்கம் வங்காள விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் இப்படியெல்லாம் பூகோளப் பாடம் நடத்துவதில்லை. அமைதியாக இருப்பது பெண் கடல், அலை அடித்துக் கூச்சல் போடுவது ஆண் கடல், அவ்வளவுதான். "யார் வெச்ச பேரோ, சரியா வெச்சிருக்காங்க" என்று நான் சொன்னதும் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று ஆரம்பித்தால் கதையே மாறிவிடுமாம். அப்போது பெண் கடல்தான் கொந்தளிக்கும்.

பழைய ஊர் இருந்த இடத்தில் இறங்கினோம். முதலில் கண்ணில் படுவது சர்ச். கூரை இல்லை. பவளப் பாறையை வெட்டி எடுத்துக் கட்டிய சுவர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கல் முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. தபாலாபீஸ் இருந்த இடம் என்று ஒரு சுவரைக் காட்டுகிறார்கள். ரோட்டோரமாகச் சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "ஸ்டேஷன் எதும்மா?" என்று கேட்டேன். "அந்தா அங்கிட்டு நிக்கிதுல்லக்கா, தூணு. அதான் ஸ்டேசனு" என்று கையைக் காட்டினாள்.

சில தூண்கள், உடைந்த சுவர்கள், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் மிச்சம். இவ்வளவுதான் பாக்கி. பிளாட்பாரம் எது, தண்டவாளம் எங்கே ஓடியது என்று ஒன்றும் புரியவில்லை. எல்லாம் மணல். என் மகள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டிக்கெட் எங்கம்மா குடுப்பாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இந்த ஸ்டேஷன் எப்படி வந்தது என்ற கதையே விசேஷமானது. இங்கிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். நம் அம்பத்தூரிலிருந்து திருவள்ளூர் போவதைவிடக் கொஞ்சம்தான் கூட. ராமாயண காலத்து ராமர் பாலம் மாதிரி, கடலின் மேலேயே ஒரு ரயில் பாலம் போட்டு இலங்கையைத் தொட்டுவிடலாம் என்று ஆங்கிலேயர்கள் திட்டமெல்லாம் போட்டார்கள். செலவைப் பார்த்ததும் கைவிட்டார்கள். பாம்பன் வரை பாலம், தனுஷ்கோடி வரை தண்டவாளம், அப்புறம் கப்பல் என்று முடிவாயிற்று. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை–கொழும்புப் பயணம் இந்த வழியில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும்.

எழும்பூரில் ராத்திரி ஏறினால் மறுநாள் பகலில் தனுஷ்கோடி. ரயிலை விட்டு இறங்கினால் எதிரே கப்பல். அந்தக் கரையில் தலைமன்னாரில் இன்னொரு ரயில் காத்திருக்கும். அதில் ஏறிப் படுத்தால் விடியும்போது கொழும்புக் கோட்டை. ஸ்டேஷனைச் சுற்றி ஒரு ஊரே வளர்ந்தது. சுங்க ஆபீஸ், துறைமுக ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தர்ம சத்திரங்கள், கடைகண்ணி எல்லாம் இருந்தன. மீன் வாங்க வருகிற வியாபாரி ஒரு பக்கம், சேதுவில் முழுக்குப் போட வடநாட்டிலிருந்து வந்த யாத்ரீகர்கள் ஒரு பக்கம், துணி மூட்டையோடு கொழும்புக் கடைக்காரர்கள் ஒரு பக்கம்... இப்போது கடல் காற்று மட்டும் ஊளையிடும் இந்த இடத்தில் காப்பி, டீ என்று கூவியிருப்பார்கள்!

நம் அப்துல் கலாம் அவர்களின் சின்ன வயசிலும் இந்த ரயிலுக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது என்றாகிவிட்டது. பத்திரிகைக் கட்டுகளை ஓடுகிற வண்டியிலிருந்தே வீசிவிட்டுப் போவார்களாம். பத்திரிகை விநியோகம் செய்த உறவுக்காரருக்கு உதவியாக, அந்தக் கட்டுகளைப் பிடிப்பதுதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம். அவருடைய தந்தை, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லப் படகு வைத்திருந்தார். அதையும் ஒரு புயல் கொண்டுபோயிற்று.

ஆனால் இந்த ஸ்டேஷனில் அதிகமாக நடந்தவர்கள் யார் என்று யோசித்தால் எனக்கு யாத்ரீகர்கள் நினைவுக்கு வருவதில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களில் மழை பொய்த்தால் கங்காணி வந்து நிற்பான். "கண்டியில தேங்காயும் மாசியும் காச்சுத் தொங்குது" என்கிற மாதிரி ஆசை காட்டி, முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் போவான். வேறு நாட்டுத் தோட்டங்களுக்கு ஆண்கள்தான் நிறையப் போனார்கள். இலங்கைக்கு மட்டும் பெண்கள், பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும். கொழுந்து பறிக்கப் பெண்ணின் கைதானே வேண்டும்!

ரயில் வருவதற்கு முன்னால் அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. படகில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லாதவர்கள். ரயில் வந்த பிறகு நடை குறைந்தது, சடங்கு கூடியது. மண்டபத்தில் ஒரு பெரிய முகாம். இன்றைக்கும் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தக் கேம்ப்தான். கிராமத்திலிருந்து வந்தவர்களைச் சில நாட்கள் அங்கே தங்க வைத்து, குளிக்க வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்துத்தான் தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் என்று எண் அடித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டிய காலமும் இருந்தது.

இதையெல்லாம் நான் முதலில் கேட்டது புத்தகத்தில் இல்லை. எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். "எங்க அப்பாயி தனுஸ்கோடியிலதான் கப்பல் ஏறுனாங்களாம். இடுப்புல எங்க அப்பா, ஒரு வயசுப் புள்ளை. கேம்ப்ல துணிய வாங்கி ஆவியில வேக வச்சுக் குடுத்தாங்களாம். ஒரே நல்ல சேலை அது, சாயம் போயிருச்சேன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்பார். கடல் தாண்டியதைவிட அந்தச் சேலை போனதுதான் அந்த அம்மாளுக்குப் பெரிய துக்கம். எனக்கு இது ரொம்பப் புரிகிறது.

நான் கிளம்பும்போது பெரியம்மா ஒன்றும் வாங்கி வரச் சொல்லவில்லை. "ஸ்டேசன் நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வா தாயி" என்றார். ஊர் திரும்பியதும் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கையில் மாவு ஒட்டியிருந்ததால் தொடாமல் குனிந்து பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாயி சொன்னப்ப ரொம்பப் பெருசா இருந்துச்சு" என்றார்.

இனி அந்த ராத்திரியைச் சொல்ல வேண்டும்.

1964 டிசம்பர் 17-ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. அது வலுத்து, பெரும் புயலாகி, இலங்கையின் வவுனியா பக்கம் கடந்து, 22-ஆம் தேதி ராத்திரி தனுஷ்கோடி மேல் வந்தது. மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேல் காற்று. ஏழு மீட்டர் உயரத்துக்கு அலை. இரண்டு மாடி வீட்டின் உயரம்!

அலை ஏன் அவ்வளவு உயரம் என்று என் பையன் கேட்டான். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கமாக வேகமாக விசிறினால் எதிர் விளிம்பில் தண்ணீர் ஏறி வழியும் அல்லவா, அது மாதிரிதான். புயல் காற்று கடலைக் கரைப் பக்கம் தள்ளுகிறது. ஆழம் இருந்தால் தண்ணீர் அடியில் இறங்கிப் போகும். பாக் நீரிணையோ ஆழமில்லாத கடல். போக்கிடம் இல்லாமல் தண்ணீர் குவிந்து உயர்கிறது. நடுவில் மெல்லிய மணல் திட்டாகத் தனுஷ்கோடி. ஓடி ஒதுங்க ஒரு மேடு கூடக் கிடையாது.

அன்று ராத்திரி 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் கிளம்பியது. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர் என்பது கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 பேர் வரை இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். தனுஷ்கோடி எட்டும் தூரத்தில் சிக்னல் இல்லை. எங்கும் இருட்டு. டிரைவர் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, நீளமாக ஒரு விசில் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. சில நூறு கெஜம்தான் பாக்கி. வண்டியோடு எல்லோரையும் அலை மூடிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

பாசஞ்சர் வண்டி என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம், ஊர் வந்துடும்" என்று பையை எடுத்து வைத்துக்கொண்டிருப்போம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

தந்திக் கம்பிகளெல்லாம் அறுந்து போனதால் விஷயம் வெளியே தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. ராமேஸ்வரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ராமநாதசுவாமி கோயிலுக்குள் புகுந்து உயிர் பிழைத்தார்கள். இந்தப் புயலில் மாண்டவர்கள் சுமார் 1800 பேர் என்று கணக்கு. பாம்பன் பாலத்தின் இரும்புத் துண்டுகளில் 126 கடலுக்குள் போயின. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. ஆறு மாதமாவது ஆகும் என்றார்கள். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரிடம் வேலையைக் கொடுத்தார்கள். கடலில் விழுந்த துண்டுகளையே தேடி எடுத்துப் பூட்டி, 46 நாளில் பாலத்தைச் சரி செய்துவிட்டார். பின்னாளில் கொங்கண் ரயிலும் டில்லி மெட்ரோவும் கட்டியவர் இவர்தான்.

பாலம் பிழைத்தது. தனுஷ்கோடி தண்டவாளத்தை மட்டும் மறுபடி போடவில்லை. மனிதர்கள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. பாம்பனிலிருந்து இரண்டாகப் பிரிந்த பாதையில் ராமேஸ்வரம் கிளை மட்டும் மிஞ்சியது.

இதில் என் மனசை உறுத்துவது ஒரு தேதி. புயலுக்கு இரண்டு மாதம் கூட இல்லை, 1964 அக்டோபர் 30-ஆம் தேதிதான் சாஸ்திரிக்கும் சிறீமாவோ பண்டாரநாயக்காவுக்கும் ஒப்பந்தம் ஆனது. தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஏற்பாடு. கடைச் சரக்கைப் பங்கு போட்ட மாதிரி! கேட்டுப் போட்ட கையெழுத்தா என்றால், போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. எந்த வாசல் வழியாகப் போனார்களோ, அந்த வாசல் அவர்கள் திரும்பி வருவதற்குள் கடலோடு போய்விட்டது.

அவர்கள் வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில். தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' என்ற கப்பல் வந்துகொண்டிருந்தது. மறுபடியும் மண்டபம் கேம்ப். மறுபடியும் வரிசை, மறுபடியும் விசாரணை, கையில் ஒரு குடும்ப அட்டை. பெரியம்மாவும் பதினாலு வயசில் அந்தக் கப்பலில்தான் வந்தாராம். "அங்க இருந்தவரைக்கும் எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே நீலகிரியில் அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டது. நாம் வாங்கும் டான்டீ பாக்கெட் அந்தத் தோட்டத்துத் தூள்தான். இவர்கள் குடும்பம் குளிர் தாங்காது என்று பட்டணத்துப் பக்கம் வந்துவிட்டது. ராமானுஜம் கப்பலும் 1983 கலவரத்துக்குப் பிறகு நின்று போயிற்று.

எதிர்க்கரை ஸ்டேஷன் என்ன ஆயிற்று தெரியுமா? போர்க் காலத்தில் தலைமன்னார் பாதையும் பாழாகித்தான் கிடந்தது. ஆனால் போர் முடிந்ததும் அதை மறுபடி கட்டினார்கள், அதுவும் இந்தியாவின் உதவியோடு. 2015 மார்ச் 14-ஆம் தேதி நம் பிரதமரே போய்த் தொடங்கி வைத்தார். கொழும்பிலிருந்து ரயில் அந்தக் கரை விளிம்பு வரை வருகிறது. இந்தக் கரையிலும் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். ரயில்தான் வரவில்லை. திரும்பப் போடுவது நல்லதா என்று என்னைக் கேட்டால், தெரிந்தே மணல் திட்டில் இன்னொரு ஊரைக் கொண்டுவந்து நிறுத்த எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஊர்தான் இல்லையே தவிர, ஜனங்கள் இருக்கிறார்கள். மீன்பிடிக் குடும்பங்கள் அங்கேயே கீற்றுக் குடிசை போட்டு வாழ்கிறார்கள். எனக்கு ஸ்டேஷனைக் காட்டிய பெண் அவர்களில் ஒருத்திதான். "பயமா இல்லையாம்மா?" என்றேன். "பயந்தா கஞ்சிக்கு என்னக்கா செய்யிறது? எங்க ஐயா பொறந்ததும் இங்கனதான்" என்றாள். "இப்பல்லாம் புயலுன்னா முந்தியே வந்து வண்டில ஏத்திட்டுப் போயிருறாங்க. புரெவிப் புயலுக்குக் கூட அப்பிடித்தான்" என்றாள். 2020 டிசம்பரில் வந்த புயல் அது. 1964-இல் இப்படி ஒரு வண்டி வந்திருந்தால்...

குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு நடை நடந்து மணலில் குழி தோண்டியிருப்பதைக் காட்டினாள். இடுப்பளவு கூட ஆழமில்லை. பக்கங்கள் சரியாமல் இருக்க அடி வெட்டிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். வாயில் விட்டுப் பார்த்தேன், சர்க்கரைப் பாகு மாதிரி தித்திக்காவிட்டாலும் உப்பே இல்லை! இரண்டு பக்கமும் கடல் இருக்க இது எப்படி? மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் ஒரு ஏடு மாதிரி மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் ஏடு உடைந்து உப்பு மேலே வந்துவிடும். அதனால்தான் சின்னக் குழி, கொட்டாங்கச்சி. "நெறைய எடுக்கக் கூடாதுக்கா. ஊற விட்டு ஊற விட்டு எடுக்கணும்" என்றாள். ஒரு குடத்துக்கு அரை மணி. அம்பத்தூரில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்களில் நான் முணுமுணுத்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

என் மாமியாரின் சேது ஸ்நானத்தைச் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார். அரிச்சல்முனையில் நீரோட்டம் பயங்கரம், கடலில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண் கடல் பக்கம் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பில் மொண்டு மொண்டு தலையில் விட்டுக்கொண்டார். "ராமரே வில்லு நுனியால தொட்ட எடம். முங்குனா என்ன, மொண்டு ஊத்துனா என்ன" என்று திருப்தியாகச் சொன்னார். தனுஷ் என்றால் வில், கோடி என்றால் முனை. பெயரே அதுதானே.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வழியில் ஒரு மரநிழல் கிடையாது. காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். தொப்பி அல்லது குடை கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் போதாது, இரண்டு வேண்டும். சின்னக் குழந்தை இருந்தால் உப்பு–சர்க்கரைக் கரைசலும் ஒரு பாட்டிலில் கையோடு இருக்கட்டும். குடிசைக் கடைகளில் மீன் சுடச்சுடப் பொரித்துத் தருகிறார்கள். சைவம் என்றால் புளிசாதம் கட்டிப் போவதுதான் புத்திசாலித்தனம். சிப்பி மாலை, வளையல் தாராளமாக வாங்குங்கள், அந்தப் பெண்களின் அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் பவளப் பாறைத் துண்டை மட்டும் யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பாழடைந்த சுவர்களின் மேல் குழந்தைகளை ஏற விட வேண்டாம். உப்புக் காற்றில் உளுத்துப் போயிருக்கின்றன, எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

பொழுது சாய ஆரம்பித்ததும் போலீசார் வந்து எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். சிப்பிக்காரப் பெண்ணும் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புத்தகப் பையோடு அவள் மகள். சின்னக் குழந்தைகளுக்கு இங்கேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்தப் பெண் ஒன்பதாவது. ராமேஸ்வரத்துக்குத்தான் போய்வர வேண்டும். "பஸ்ஸு வந்தா பள்ளிக்கூடம், வராட்டி லீவு" என்று சிரித்தாள். பெரிய மழை பெய்து ரோட்டில் மணல் ஏறிவிட்டால் பஸ் வராது. போன மாசம் நான்கு நாள் வரவில்லையாம். அந்த நான்கு நாள் பாடத்தைச் சிநேகிதியின் நோட்டைப் பார்த்து, தூண் நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.